குடிகாரன் பேசட்டும், வார்டர் வெளியே நிற்கட்டும்

விற்கிறது அரசாங்கம். வாங்குறவன் கூலிக்காரன். வாங்கினதைக் கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுச் சத்தம் போட்டால், பிடித்துக்கொண்டு போய் 75 கேஸ் போடுகிறது அரசாங்கம். அடுத்த தடவை அது அடிதடி என்று ஆகிவிட்டால், ரிமாண்டு பண்ணுகிறதும் அரசாங்கம், அடைத்து வைக்கிறதும் அரசாங்கம். அடைத்து வைத்த இடத்தில் சுவர் முழுக்க எழுதிப்போட்டுக் குடி கெடுதல் என்று புத்தி சொல்கிறதும் அதே அரசாங்கம்தான். இத்தனை வேலையையும் ஒரே கையால் செய்துவிட்டு, கடைசியில் எதிரே நிற்கிற ஒற்றை மனுசனைப் பார்த்து 'நீ திருந்துடா' என்கிறது.

திருந்துவது கிடக்கட்டும். அவன் முதலில் பிழைக்க வேண்டும். அவன் நம்ம ஆள். அவனைப் பிழைக்க வைக்கத் தெரிந்தவர் யார்? ஜெயில் சூப்பரிண்டெண்டுக்குத் தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிற தொண்டு நிறுவனத்து ஆட்களுக்கும் தெரியாது. அதே கொட்டடியில், அதே நடுக்கத்தைப் பட்டு, அதைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிற இன்னொரு கைதிக்குத் தெரியும். அவரைப் பேசவிடுங்கள். பேச இடமும், அதற்குக் கூலியும், மரியாதையும் கொடுங்கள். குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீட்கிற வேலை ஜெயிலுக்குள் கைதிகளின் தலைமையில் நடக்கட்டும். நாம் சொல்ல வருவது இதுதான். இதைச் சொன்னால் அதிகாரிகளுக்குக் கோபம் வரும், தெரியும். நம்மவர்களில் சிலருக்கும் கோபம் வரும். அதையும் பேசுவோம்.

1

முதலில் கணக்கு. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24இல் ஆயத்தீர்வையும் விற்பனை வரியுமாகச் சேர்ந்து அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அதே அரசின் சட்டப் புத்தகத்தில் 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டமும் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டத்தின் பெயர் மதுவிலக்கு, தொழில் மது விற்பனை. இந்த முரணைச் சுமக்கிறவன் கடைக்கு முன்னால் நிற்கிறவன்.

1982ஆம் வருடத்து 14ஆம் எண் சட்டத்தை ஊரில் எல்லாரும் குண்டர் சட்டம் என்பார்கள். அதன் முழுப்பெயரைப் படித்துப் பாருங்கள். குண்டர்களுக்கு முன்னாலேயே கள்ளச்சாராயக்காரர்கள் வந்துவிடுவார்கள். விசாரணை இல்லாமல் 12 மாதம் உள்ளே வைக்கலாம். பெரிய மது ஆலைக்காரர் யாராவது அந்தச் சட்டத்தில் உள்ளே போனதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? கேனைத் தலையில் சுமந்து விற்றவன் போவான். பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற வீட்டுக்குப் பின்னால் விற்ற விதவைப் பெண் போவாள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் நம்ம ஜனங்கள், தினக்கூலிகள். செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அறிவித்தார்கள். சாகாமல் இன்னும் குடித்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன அறிவித்தார்கள்?

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. சிறையில் இருப்பவரில் ஐந்தில் ஒருவர் தலித். 2011 கணக்குப்படி நாட்டு மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. வேலையில், நிலத்தில், நீதிபதி நாற்காலியில் நம் பங்குக்குக் கீழே நிற்கிறோம். ஜெயிலில் மட்டும் பங்குக்கு மேலே கொடுத்திருக்கிறார்கள்.

2019இல் வெளியான மத்திய அரசின் போதைப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று உண்டு. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தியது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைக்கிறது என்கிறது அது. அந்த ஒருவர் யார், மிச்சம் 37 பேர் யார் என்று ஆய்வைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? காசு இருக்கிறவன் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறான். காசு இல்லாதவனுக்கு ஸ்டேஷன், அப்புறம் ஜெயில். நம்ம ஜனங்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்திருக்கிற ஒரே மறுவாழ்வு மையம் ஜெயில்தான்.

2

அந்த 'மையத்தில்' என்ன நடக்கிறது? நாள்பட்டுக் குடிக்கிறவனுக்குத் திடீரென்று சரக்கு நின்றுபோனால், சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், வாந்தி வரும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகவும் ஆட்கள் வெட்ட வருவதாகவும் அலறத் தொடங்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மாத்திரை இருக்கிறது, பி-1 வைட்டமின் ஊசி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. வேண்டியது ஒன்றுதான். அவன் நடிக்கவில்லை, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது ஒருவர் நம்ப வேண்டும்.

என் சித்தப்பா மூட்டை தூக்குகிறவர். வாய்த்தகராறு அடிதடியாகி ரிமாண்டு ஆனார். ஸ்டேஷனில் ஒரு ராத்திரி, ஜெயிலில் ஒரு ராத்திரி. அந்த இரண்டாம் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. பாரா நின்ற வார்டர் எட்டிப்பார்த்து, 'ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நடிக்கிறான், வுடு' என்று போய்விட்டார். பக்கத்தில் ஒரு ஆயுள் கைதி. முன்னொரு காலத்தில் அவருக்கும் இதே வலிப்பு வந்திருக்கிறது. அவர் சித்தப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கம்பியைத் தட்டித்தட்டிக் கத்தியிருக்கிறார். 'இது சரக்கு நின்ன வலிப்பு, டாக்டரக் கூப்புடு, செத்துடுவான்'. அரைமணி நேரம் தட்டிய பிறகு டாக்டர் வந்தார், ஊசி போட்டார், சித்தப்பா பிழைத்தார். ராத்திரியில் கத்தி ஒழுங்கைக் கெடுத்ததற்காக அந்தப் பெரியவருக்கு இரண்டு மாசம் மனு கிடையாது என்று தண்டனை. வீட்டிலிருந்து பார்க்க வந்த பெண்டாட்டியை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். தனக்காக அழமாட்டார், அந்தப் பெரியவருக்காக அழுவார்.

அந்த ராத்திரியில் அந்தச் சிறையில் மருத்துவ அறிவு இருந்த ஒரே ஆள் அவர்தான். படித்து வந்த அறிவு இல்லை, பட்டு வந்த அறிவு. நம்ம பாட்டன் பூட்டன் கையில் இருந்த அறிவை எல்லாம் 'தொழில்' என்று கீழே தள்ளிய சமூகம், கைதியின் அறிவை ஒழுங்கீனம் என்று தண்டிக்கிறது.

3

அறிவு யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு வேறொரு நாட்டில் வேறொரு ஜனங்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரை எடுத்தது அமெரிக்கக் கறுப்பர்களின் பிளாக் பாந்தர்களிடமிருந்து. பெயரை எடுத்த நாம், அவர்கள் போதையோடு போட்ட சண்டையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

மால்கம் எக்ஸ் 1946லிருந்து 1952 வரை ஜெயிலில் இருந்தவர். உள்ளே போனபோது போதைப் பழக்கத்தோடு போனவர். வெளியே வந்து ஹார்லத்தில் வேலை செய்தபோது, கறுப்பு முஸ்லிம்கள் போதை அடிமைகளை மீட்ட முறையைத் தன் வரலாற்றில் விவரித்திருக்கிறார். மீட்கப் போகிறவன் நேற்றுவரை அதே சந்தில் அதே ஊசியைப் போட்டவன். அவன் தன் பழைய கூட்டாளியையே தேடிப் போகிறான். மாசக்கணக்கில் பேசுகிறான். நீ ஏன் இதை ஏற்றிக்கொள்கிறாய், வெள்ளையன் உன்னை என்னவாக நினைக்க வைத்திருக்கிறான் என்று கேட்கிறான். விடுகிற நாள்களில் வாந்தியைத் துடைத்துக்கொண்டு கூடவே உட்கார்கிறான். மீண்டவன் அடுத்தவனைத் தேடிப் போகிறான். அங்கே டாக்டர் பட்டத்துக்கு வேலையில்லை.

மைக்கேல் டேபர் என்ற பாந்தர், சிறுவயதில் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர். 21 பாந்தர்கள் மேல் நியூயார்க்கில் போட்ட வழக்கில் அவரும் ஒருவர். முதலாளித்துவமும் போதையும் சேர்ந்தால் இனப்படுகொலை என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். 1970 நவம்பரில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோரிக்க இளைஞர்களும் பாந்தர்களும் முன்னாள் அடிமைகளும் சேர்ந்து, நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியின் லிங்கன் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டடத்தைக் கைப்பற்றிப் போதை மீட்பைத் தொடங்கினார்கள். மருந்தும் கொடுத்தார்கள், அரசியல் வகுப்பும் நடத்தினார்கள். பின்னால் அக்குபங்சரைக் கற்றுக்கொண்டு அதையும் செய்தார்கள். இந்தச் சரக்கு நம்ம தெருவுக்கு எப்படி வந்தது, யார் லாபம் என்று கேட்பதும் அங்கே சிகிச்சைதான். 1978இல் நகர நிர்வாகம் போலீசை விட்டு அவர்களை வெளியேற்றியது. நோயாளி குணமானால் அரசுக்குப் பிரச்சினையில்லை, குணமானவன் கேள்வி கேட்டால்தான் பிரச்சினை.

ஜெயிலுக்குள் இந்த வேலை இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. 1935இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்ததில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1942லேயே கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள் அதன் கூட்டம் நடந்தது. அந்த இயக்கத்தோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. மதுவுக்கு முன்னால் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வதுதான் அவர்களின் முதல் படி. பிறந்த நாளிலிருந்து 'உனக்குச் சக்தியில்லை' என்று கேட்டே வளர்ந்தவனை மறுபடியும் அதையே சொல்லச் சொல்வதா? இதை நாம் நம் மொழியில், நம் அனுபவத்தில் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தலைவர் கிடையாது. முழுப்பெயர் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் பெயரைச் சொன்னதும் ஊரைக் கேட்டு, ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டுச் சாதியைத் தோண்டுகிற பழக்கத்துக்கு நடுவில், 'பேர் போதும், மிச்சம் வேண்டாம்' என்கிற ஒரு வட்டம் சின்ன விஷயமில்லை.

4

சக கைதிகள் நடத்தினால் பலன் உண்டா? நியூயார்க் ஸ்டேட்டன் தீவின் சிறையில் 1977இல் 'ஸ்டேன் அவுட்' என்ற திட்டம் தொடங்கியது. முன்னாள் அடிமைகளும் முன்னாள் கைதிகளும் நடத்தினார்கள். 1990இல் வெளியான ஆய்வில் இந்த எண்கள் இருக்கின்றன. எந்தச் சிகிச்சையும் பெறாமல் விடுதலையான ஆண்களில் மறுபடி கைதானவர்கள் 40.9 விழுக்காடு. வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 39.8. இந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் 26.9. நடு எண்ணைப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து இந்தப் பக்கம் இருப்பவனுக்குப் புத்தி சொன்னதற்கும், ஒன்றுமே செய்யாததற்கும் வித்தியாசம் ஒரு விழுக்காடு. நம்ம ஜெயில்களில் அவ்வப்போது நடக்கிற 'விழிப்புணர்வு முகாம்'களை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு கலிபோர்னியாவின் டோனவன் சிறையிலிருந்து. 1999இல் வெளியானது. சிறைக்குள் திட்டத்தை முடித்து, வெளியே வந்த பிறகும் அதே மாதிரிக் கூட்டு வாழ்க்கையில் இருந்து முடித்தவர்களில் மூன்று வருடத்துக்குள் சிறைக்குத் திரும்பியவர்கள் 27 விழுக்காடு. திட்டத்தில் சேராதவர்களில் 75. உள்ளே முடித்துவிட்டு, வெளியே எதுவும் இல்லாமல் போனவர்களில் 79. வெளியேயும் தொடர்ந்தவர்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள், மனசு ஏற்கனவே திரும்பியவர்கள், அதனால் அந்த 27ஐ முழுசாகத் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. சரி. ஆனால் 79 சொல்வதை மறுக்க முடியுமா? உள்ளே எத்தனை நல்ல வட்டம் இருந்தாலும், வாசலில் கைபிடிக்க ஆள் இல்லை என்றால் எல்லாம் ஆற்றோடு போகிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை வைத்து 2007இல் வெளியான ஆய்வு இதைவிடப் பயங்கரமானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் போதை மிகையாகிச் சாகிற ஆபத்து மற்ற மக்களைப்போல் 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருக்கிறது. பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். சென்னையின் குடிசை மாற்றுக் குடியிருப்புகளில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பையன்களுக்கும் இதே உடம்புதான், இதே மூச்சுதான். இதை அந்தப் பையனிடம் விடுதலைக்கு முந்தின நாள் யார் சொல்கிறார்கள்?

5

'கைதிகள் தலைமை' என்றவுடன் ஜெயில் நிர்வாகம் தலையாட்டக்கூடும். அந்தத் தலையாட்டலுக்குப் பயப்பட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே கைதியை வைத்துக் கைதியை மேய்க்கிற வித்தை உண்டு. கான்விக்ட் ஓவர்சீயர், கான்விக்ட் வார்டர் என்று பதவி கொடுத்தார்கள். பண்ணையில் கங்காணி மாதிரிதான். நம்மில் ஒருவன் கையில் கம்பைக் கொடுத்து நம்மையே அடிக்கச் சொல்வது ஆண்டைக்கு எப்போதும் மலிவு. மீட்பு வட்டத்தை நடத்துகிறவர் கையில் சாவியோ, சாப்பாட்டுக் கரண்டியோ, ரெமிஷனுக்கு எழுதிக்கொடுக்கிற பேனாவோ இருந்தால் அவர் சகா கிடையாது, கங்காணி.

அமெரிக்காவில் இதற்கும் உதாரணம் இருக்கிறது. 1958இல் சார்லஸ் டீடரிச் என்ற முன்னாள் குடிநோயாளி தொடங்கிய சினனான், 1962இல் நெவாடா சிறைக்குள் போனது. முன்னாள் அடிமைகளே நடத்தியதுதான். வட்டமாக உட்கார்ந்து ஒருவனை மாறிமாறி வார்த்தையால் கிழிப்பது அவர்கள் முறை. கடைசியில் தலைவன் சாமியாரானான். 1978இல் தங்களை எதிர்த்து வழக்காடிய வக்கீலின் தபால் பெட்டியில் அந்தக் கூட்டத்து ஆட்கள் விஷப்பாம்பைப் போட்டார்கள். அனுபவம் தலைமைக்குத் தகுதி தரும். நிரந்தரத் தலைமைக்குத் தராது. வட்டம் தேர்ந்தெடுக்க வேண்டும், முறைவைத்து மாற வேண்டும்.

அடுத்தது அதிகாரிகளுக்குப் பிடித்த இன்னொரு சமாச்சாரம், மௌனம். 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை உட்காரவைத்து விபாசனா நடத்தியது உலகமெல்லாம் பேசப்பட்டது. தியானத்தோடு நமக்குப் பகையில்லை. புத்தர் நம்மவர். ஆனால் ஒரு ஜெயில் நிர்வாகத்துக்குப் பேசாமல் கண்மூடி உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பேரும் பிடிக்கும், யோகா பாயில் மல்லாந்து கிடக்கிற ஆயிரம் பேரும் பிடிக்கும். வாய்திறந்து 'நான் ஏன் குடித்தேன் தெரியுமா' என்று சொல்லத் தொடங்குகிற பத்துப் பேரைப் பிடிக்காது. ஏனென்றால் அந்தப் பேச்சில் பண்ணையார் வருவார், சாக்கடைக் குழி வரும், ஸ்டேஷனில் விழுந்த அடி வரும். நாற்றம் தாங்காமல் முதல் குவார்ட்டரை மேஸ்திரியே வாங்கிக் கொடுத்துக் குழிக்குள் இறக்கிய கதை வரும்.

6

வட்டமாக உட்காருங்கள் என்கிறோம். நம்ம ஊர் ஜெயிலில் வட்டமாக உட்கார முடியுமா? பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பகுதிகளில் அடைத்து வைப்பதை எதிர்த்து ஒரு வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. சாதிக் கலவரம் வராமல் தடுக்கத்தான் இப்படி என்று அரசு சொன்னதை 2014இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3ஆம் தேதி, சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் இந்த நியாயத்தை உடைத்துப் போட்டது. சாதிப்படி பிரித்து அடைப்பதும், கூட்டுகிற வேலை ஒரு சாதிக்கு, சமையல் வேலை இன்னொரு சாதிக்கு என்று பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது.

ஏட்டில் எடுத்துவிடலாம். கொட்டடியில் எப்படி எடுப்பது? நான் சொல்கிறேன், ஒரு வழி இந்த வட்டம்தான். நடுங்குகிற கைக்குச் சாதி தெரியாது. வலிப்பு வந்தவன் வாயிலிருந்து வழிகிற நுரையைத் துடைக்கிறவன், துண்டை எடுக்கிறதற்கு முன்னால் அவன் எந்தத் தெரு என்று கேட்டால் உயிர் போய்விடும். ஒரு தேவர் வீட்டுப் பையன், பத்து வருஷம் குடியை விட்டு நிற்கிற ஒரு பறையர் பெரியவரை 'அண்ணே, நீங்க எப்படித் தாண்டினீங்க' என்று கேட்கிற இடம் இந்தத் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? சாதி ஆணவத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்தியெடுத்த பையன்களில் பலர் சரக்கை ஏற்றிக்கொண்டுதான் எடுத்தார்கள். நான் சொல்வது சமரசப் பாட்டு அல்ல. வட்டத்தில் அவன் குடியைப் பற்றிப் பேசும்போது, குடித்துவிட்டு யார் வீட்டுக்கு முன்னால் போய் என்ன கத்தினேன் என்பதையும் சேர்த்துப் பேசித்தான் ஆகவேண்டும். பேசாமல் அவனுக்கு விடுதலை இல்லை.

7

இப்போது நம்மவர்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம்மில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, குடியைக் கலகம் என்று கொண்டாடுவது. பார்ப்பனிய ஒழுக்கத்துக்கு எதிரான பண்பாடு, பனங்கள்ளும் மாட்டுக்கறியும் நம் அடையாளம் என்று எழுதுகிறார்கள். மாட்டுக்கறி நம் உணவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கள் பற்றியும் பேசலாம். ஆனால் டாஸ்மாக் குவார்ட்டரில் எந்த மூதாதை இருக்கிறான்? ஆலைக்காரன் தயாரித்து, அரசாங்கம் விற்று, நம்ம ஈரலில் இறங்குகிறதற்குப் பெயர் எதிர்ப்பண்பாடா? இதை எழுதுகிற தோழரின் வீட்டில் வலிப்பு வந்து யாரும் விழவில்லை போலிருக்கிறது.

இன்னொரு கட்சி, குடிகாரனைப் பார்த்து வெட்கப்படுவது. பிள்ளைகள் படித்து மேலே வருகிறபோது, 'இவனுங்களாலதான் நம்ம சாதிக்கே கெட்ட பேரு' என்று ஒதுக்குகிறோம். ஊர்க்காரன் நம்மைப் பார்த்த அதே கண்ணால் நாம் அவனைப் பார்க்கிறோம். கூட்டத்துக்கு ஆள் திரட்டும்போது மட்டும் அவனுக்கு வண்டி அனுப்புகிறோம்.

அண்ணல் அம்பேத்கரை இரண்டு கட்சியும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 1951இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கையில், வருமானத்தை வீணாக்குகிற மதுவிலக்கைக் கைவிட வேண்டும் என்றுதான் இருந்தது. போலீஸ் தடியால் குடியை ஒழிக்கலாம் என்று அவர் நம்பவில்லை. அதே அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் லட்சக்கணக்கான ஜனங்களோடு நின்று 22 உறுதிமொழிகளை எடுக்க வைத்தார். அதில் ஒன்று, மது அருந்தமாட்டேன் என்பது. இதில் முரண் இருக்கிறதா? இல்லை. மேலேயிருந்து வருகிற தடைச் சட்டம் வேறு. பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து, அவனும் என்னைப் பார்க்க, எல்லாரும் சேர்ந்து எடுக்கிற உறுதி வேறு. முன்னது ஜெயிலுக்கு அனுப்பும், பின்னது மனுசனாக்கும். சக கைதிகள் கூடி உட்காருகிற வட்டம் இந்த இரண்டாவது வகை.

1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் சாராயக் கடையை மூடவைத்தவர்கள் எழுத்தறிவு வகுப்பில் கூடிய ஏழைப் பெண்கள். 2024 அக்டோபர் 2இல் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாட்டை விடுதலைச் சிறுத்தைகள் நடத்தினார்கள். கடையை மூடு என்ற முழக்கம் சரியானது. ஆனால் கடை மூடுகிற வரைக்கும் உள்ளே கிடக்கிறவன் என்ன செய்வான்? கடை மூடிய மறுநாள் நடுங்குகிற கையை யார் பிடிப்பார்கள்? முழக்கத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. அது மேடையில் தெரியாத வேலை.

8

ஆகவே நாம் கேட்பது இவை.

புழல் முதல் பாளையங்கோட்டை வரை, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே குடி, மாத்திரை, ஊசி பற்றிக் கேட்க வேண்டும். அந்தப் பதிலை வழக்கில் பயன்படுத்தக் கூடாது. முதல் நாலு நாளைக்குத் தேவையான மருந்து ராத்திரியிலும் கிடைக்க வேண்டும். புதியவர்களை வைக்கிற தொகுதியில் இதைத் தாண்டி வந்த கைதி ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அவர் கம்பியைத் தட்டினால் டாக்டர் வர வேண்டும், தட்டியவருக்குத் தண்டனை வரக் கூடாது.

மீட்பு வட்டம் கைதிகளுடையது. விருப்பப்பட்டவர் வரலாம், விலகலாம். வார்டர் வெளியே நிற்க வேண்டும். உள்ளே பேசியது பரோலுக்கோ ரெமிஷனுக்கோ எதிராகப் போகக் கூடாது. நடத்துகிறவரை வட்டம் தேர்ந்தெடுக்கும், வட்டம் மாற்றும். தறியில் நெய்கிறவருக்குக் கூலி உண்டு என்றால் உயிரை மீட்கிறவருக்கும் கூலி வேண்டும். கலிபோர்னியாவின் சொலானோ சிறையில் 2009இல் தொடங்கிய திட்டத்தில் கைதிகளே பயிற்சி பெற்று, சான்றிதழ் பெற்ற போதை மீட்பு ஆலோசகர்கள் ஆகிறார்கள். வெளியே வந்தபின் அது அவர்களுக்குப் பிழைப்பும் ஆகிறது. இங்கே ஏன் ஆகாது?

பெண்கள் சிறையிலும் இது வேண்டும். சாராயம் விற்ற வழக்கில் உள்ளே இருக்கிற பெண்களிடம், 'நீயும் குடிப்பியா' என்று கேலியாகத்தான் கேட்கிறார்கள். குடித்தவனோடு வாழ்ந்த கதை, பிழைப்புக்கு விற்ற கதை, தானும் குடிக்க நேர்ந்த கதை மூன்றும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம். அவர்களுக்கு அவர்களே பேச வேண்டும்.

1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதையைப் பயன்படுத்திய வழக்கிலோ, சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். 39ஆம் பிரிவில், தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. நம்ம வழக்கறிஞர் தோழர்களே, இந்த இரண்டு எண்ணையும் சேரியில் சுவரெழுத்தாக எழுதுங்கள்.

காசு எங்கே என்று கேட்பார்கள். 45,855 கோடியில் இருக்கிறது.

கடைசியாக நமக்கு. டோனவன் சிறையின் 79 என்ற எண் அதிகாரிகளைவிட நம்மைத்தான் குத்துகிறது. விடுதலையாகிறவன் காலையில் ஒரு பையோடு வாசலில் நிற்கிறான். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியிலேயே கடை இருக்கிறது. அந்த வாசலில் அவனுக்காக நிற்க வேண்டியது இயக்கம். மாலை வேண்டாம், தப்பு வேண்டாம். ஏற்கனவே விட்டு நிற்கிற ஒருவர் போதும், 'வா தம்பி, டீ குடிக்கலாம்' என்று கூப்பிட. சாயங்காலம் அம்பேத்கர் மன்றத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டு வைத்தால் போதும், வட்டம் அங்கே தொடரும். மன்றத்துச் சாவி நம்மிடம்தானே இருக்கிறது? அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.